பெயரிலிருந்து பிறக்கும் மழை: பஞ்சாங்கப் பலனும் வானிலை எச்சரிக்கையும்

1. முன்னுரை

இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சார்ந்த இரண்டு அலுவலகங்கள் கொல்கத்தாவில் இயங்குகின்றன. ஒன்று ஆலிப்பூரில் உள்ள மண்டல வானிலை மையம். வங்காள விரிகுடாவில் தோன்றும் புயல்களைப் பற்றி மேற்கு வங்க மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பது அதன் பணிகளுள் முதன்மையானது. மற்றொன்று சால்ட் லேக்கில் உள்ள, பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் எனப்படும் வானியல் மையம். ஞாயிறு, திங்கள், கோள்கள் ஆகியவற்றின் நிலைகளைக் கணித்தல், திதி, நட்சத்திரம், பண்டிகை நாள்கள் ஆகியவற்றை வரையறுத்தல் ஆகியன அதன் பணிகள். தமிழ் உள்ளிட்ட 14 மொழிகளில் வெளிவந்துள்ள இராஷ்டிரீய பஞ்சாங்கம் இம்மையத்தின் ஆக்கமே. ஒரே துறையின் கீழ், ஒரே நகரில் இருந்தும், புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று அறிய முதல் அலுவலகம் இரண்டாவது அலுவலகத்திடம் கோள்நிலை கேட்பதில்லை.

நகரின் புத்தகக் கடைகளிலோ இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. ஆண்டுதோறும் வங்காளப் புத்தாண்டையொட்டி விற்பனைக்கு வரும் பஞ்ஜிகாக்கள் திதியையும் நட்சத்திரத்தையும் தருவதோடு அமைவதில்லை. அவ்வாண்டின் மழை, வெள்ளம், காற்று பற்றிய பலன்களையும் கூறுகின்றன. தமிழ்ப் பஞ்சாங்கங்களும் இவ்வாறே. பெரும் புயலோ வெள்ளமோ நிகழ்ந்த பின்னர், ‘பஞ்சாங்கம் முன்பே சொல்லிவிட்டது’ என்னும் பேச்சு எழுவது இரு மாநிலங்களுக்கும் பொது.

கோள்நிலைக் கட்டங்களைக் கொண்டு கடும் வானிலையை முன்னறிய இயலுமா என்னும் வினாவை இயற்பியலார் தம் வழியில் ஆராய்ந்து மறுத்துள்ளனர். அம்மறுப்பை மீண்டும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. பஞ்சாங்கத்தின் மழைப்பலன் எவ்வாறு பெறப்படுகிறது என்பதைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால், அது வானத்திலிருந்து பெறப்படாமல் பெயர்களிலிருந்து பெறப்படுவது புலனாகும். ஆகவே அது மொழியியலாரின் ஆய்வுக்கும் உரியது. எச்சரிக்கைகளை மொழிபெயர்ப்போர்க்கு இதனால் விளையும் பொறுப்பு யாது என்பதும் ஈண்டு ஆராயப்படுகிறது.

2. கிழமையும் மேகமும்

பஞ்சாங்கங்கள் ஆண்டுக்கு ஓர் அமைச்சரவையை அமைக்கின்றன. ராஜா, மந்திரி, சேனாதிபதி, சஸ்யாதிபதி, மேகாதிபதி முதலிய பதவிகளில் கோள்கள் அமர்த்தப்படுகின்றன. மழைக்கு உரியவன் மேகாதிபதி. ஞாயிறு திருவாதிரை நட்சத்திரத்தில் புகும் நாள் எந்தக் கிழமையோ அக்கிழமைக்குரிய கோளே அவ்வாண்டின் மேகாதிபதி. அந்நாள் திங்கட்கிழமையாயின் சந்திரன் மேகாதிபதி. சந்திரன் குளிர்ச்சியும் நீரும் உடையவன். எனவே மழை மிகுதி. செவ்வாய்க்கிழமையாயின் செவ்வாய் மேகாதிபதி, அவன் வெம்மையுடையவன், எனவே மழை குறைவு.

இவ்வாய்பாட்டில் வானியலுக்கு உரிய கூறு ஒன்றே. ஞாயிறு திருவாதிரையில் புகும் நேரம் கணக்கிட்டுப் பெறுவது. அக்கணக்கு பிழையற்றது ஆகலாம். அடுத்த படி கிழமை. கிழமை என்பது வானத்தில் உள்ளதன்று. ஏழு நாளுக்கு ஒரு சுழற்சி என்று மனிதர் வகுத்துக்கொண்ட எண்ணிக்கை அது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோளின் பெயர் இடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. திங்கட்கிழமையன்று சந்திரன் பூமிக்கு அணுக்கமாக வருவதில்லை. அவன் ஒளி மிகுவதும் இல்லை. ஆயினும் பலன் கூறுவோன் கிழமையின் பெயரிலிருந்து கோளுக்கும், கோளின் பெயரோடு மரபில் ஒட்டிய பண்புக்கும், அப்பண்பிலிருந்து மழைக்கும் செல்கிறான். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள தொடர்பே. இலக்கணத்தார் ஆகுபெயர் என்று வழங்கும் உறவு இங்குக் காரணகாரிய உறவாக மாற்றி வைக்கப்பட்டுள்ளது.

வேறொரு சிக்கலும் உண்டு. வங்காளத்தில் பழைய கணித முறையைப் பின்பற்றும் குப்த பிரஸ் பஞ்ஜிகாவும், திருத்திய கணிதத்தைக் கொண்டு 1890 முதல் வெளிவரும் விசுத்த சித்தாந்த பஞ்ஜிகாவும் இருவேறு மரபினரால் போற்றப்படுகின்றன. தமிழில் வாக்கியம், திருக்கணிதம் என்னும் பிரிவு இதனோடு ஒப்பிடத்தக்கது. இருவகைக் கணிதத்திலும் ஞாயிறு ஒரு நட்சத்திரத்தில் புகும் நேரம் வேறுபடும். அவ்வேறுபாடு ஒரு நாளின் எல்லையைத் தாண்டும் ஆண்டில் கிழமை மாறும்; கிழமை மாறினால் மேகாதிபதியும் மாறுவான். ஒரே வானத்தின் கீழ் ஒரு நூலில் மழை மிகுதியும் மற்றொரு நூலில் மழைக்குறைவும் தோன்ற இவ்விதி இடம் தருகிறது.

2.1 எஞ்சிய எண்

வங்காளத்தின் வேளாண் மரபில் மதிக்கப்படும் வடமொழி நூல் கிருஷி பராசரம். கொல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டி 1960இல் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தது. ஆண்டின் மேகத்தை அறிய இந்நூல் எளிய கணக்கு ஒன்றைக் கூறுகிறது. சக ஆண்டின் எண்ணோடு 3ஐக் கூட்டி 4ஆல் வகுக்க வேண்டும். எஞ்சுவது 1 ஆயின் ஆவர்த்தம், 2 ஆயின் சம்வர்த்தம், 3 ஆயின் புஷ்கரம், மீதியின்றி வகுபட்டால் துரோணம். ஆவர்த்த ஆண்டில் சிற்சில இடங்களில் மட்டும் மழை. சம்வர்த்தத்தில் எங்கும் மழை. புஷ்கரத்தில் நீர் அரிது. துரோணத்தில் நிலமெங்கும் நீர்.

இதில் கோளும் இல்லை, விண்மீனும் இல்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதே மேகம் திரும்பி வரும். அதே நூல் ஆண்டின் ராஜாவைச் சக ஆண்டை மும்மடங்காக்கி, 2 கூட்டி, 7ஆல் வகுத்துப் பெறுகிறது. இரண்டையும் சேர்த்தால் 28 ஆண்டுகளில் முழுச் சுழற்சியும் முடிந்துவிடும். பருவக்காற்று அத்தகைய ஒழுங்கில் சுழல்வதில்லை.

புஷ்கரத்தில் நீர் ஏன் அரிதாக வேண்டும்? புஷ்கரம் என்னும் சொல்லுக்குத் தாமரை என்றும் நீர் என்றும் பொருள் உண்டு. சொற்பொருள் நோக்கில் நீர் மிகுதியையே எதிர்பார்க்கலாம். மூல சுலோகத்தில் புஷ்கரத்தை அடுத்து நிற்கும் பயனிலைச் சொல் துஷ்கரம். அரியது, கடினமானது என்று பொருள்படும் இச்சொல் புஷ்கரத்தோடு எதுகையால் இயைகிறது. எதுகை நோக்கியே இப்பலன் அமைந்தது என்று அறுதியிட்டுக் கூற இயலாதாயினும், நினைவில் நிற்கும் பொருட்டு ஓசையால் கட்டப்பட்ட மரபுகளில் ஓசையே பொருளைத் தேர்ந்துகொள்வது அரிய நிகழ்ச்சி அன்று.

இவ்வாய்பாட்டை அறிந்த சில ஆண்டுகளோடு பொருத்திப் பார்க்கலாம். 1970 நவம்பர் 12இல் இன்றைய வங்கதேசக் கடற்கரையைத் தாக்கிய போலா புயலிலும் அதனோடு எழுந்த கடற்பெருக்கிலும் மூன்று இலட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அது சக ஆண்டு 1892. 3 கூட்டினால் 1895. 4ஆல் வகுக்க எஞ்சுவது 3. அதாவது நீர் அரிதாக இருக்க வேண்டிய புஷ்கர ஆண்டு. 1978 செப்டம்பர் இறுதியில் கொல்கத்தாவையும் தென் வங்க மாவட்டங்களையும் பெருவெள்ளம் மூழ்கடித்தது. சக ஆண்டு 1900. அதுவும் புஷ்கரமே.

இரண்டு எதிர்ச்சான்றுகளால் ஒரு விதி வீழ்ந்துவிட்டது என்று வாதிடுவது முறையாகாது. மாறான சான்றுகளையும் நோக்க வேண்டும். 2015 டிசம்பர் 1இலும் 2இலும் சென்னையும் அதன் சுற்றுப்புறங்களும் மூழ்கின. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. மன்மத ஆண்டுப் பஞ்சாங்கம் இதனை முன்பே உரைத்தது என்னும் பேச்சு அப்போது தமிழகமெங்கும் பரவியது. பராசர வாய்பாட்டின்படி அது சக ஆண்டு 1937, துரோண ஆண்டு. சென்னையில் இருப்பவருக்கு விதி மெய்ப்பட்டதாகவே தோன்றும். ஆனால் அதே ஆண்டின் தென்மேற்குப் பருவமழை இந்தியா முழுமைக்கும் சராசரியைவிட 14 விழுக்காடு குறைந்தது. மராத்வாடா கடும் வறட்சியில் வாடியது. ‘நிலமெங்கும் நீர்’ என்ற தொடரைச் சென்னையில் படித்தால் மெய். மராத்வாடாவில் படித்தால் பொய். எந்த நிலம் என்று அத்தொடர் கூறவில்லை. இடத்தைச் சுட்டாத வாக்கியத்துக்கு மெய்ப்படும் இடம் ஒன்றை வாசகரே தேடிக் கொடுத்துவிடுகிறார்.

3. நின்ற சொல்லும் நகர்ந்த பொருளும்

மேகாதிபதியைத் தரும் திருவாதிரைப் பிரவேசத்துக்கே இனி வருவோம். ஞாயிறு திருவாதிரையில் புகும் கணத்துக்குக் கோள்நிலைக் கட்டம் வரைந்து பருவமழையின் போக்கைக் கூறுவது இந்தியா முழுவதும் வழங்கும் மரபு. வங்காளத்தில் இது ஆஷாட மாதம் 7ஆம் நாளை ஒட்டி அமைகிறது. அம்புபாசி எனப்படும் அந்நாள்களில் பூமித்தாய் பூப்பெய்துவதாகக் கருதி உழுதல் தவிர்க்கப்படுகிறது. மழையை ஏற்று விதைப்புக்கு ஆயத்தமாகும் நிலத்தின் படிமமாக இதனைக் கொள்ளலாம்.

இன்று இந்நாள் ஜூன் 22ஐ ஒட்டி வருகிறது. கொல்கத்தாவில் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாவது வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மழையை முன்னறிவிக்க வேண்டிய கட்டம் மழை தொடங்கிய பின்னரே வரையப்படுகிறது. இம்முரண்பாட்டின் காரணம் ஆண்டின் நீளத்தில் உள்ளது. சூரிய சித்தாந்த ஆண்டு பருவங்களை ஆளும் ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீண்டது. ஆகவே 60 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் நட்சத்திரப் பிரவேசங்கள் பருவங்களிலிருந்து பின்னோக்கி நழுவுகின்றன. வராகமிகிரர் வாழ்ந்த 6ஆம் நூற்றாண்டில் திருவாதிரைப் பிரவேசம், இன்றைய நாட்காட்டிப்படி மே மாத இறுதியை ஒட்டி நிகழ்ந்திருக்கும். அது வடகிழக்கு இந்தியா மழைக்குக் காத்திருக்கும் நேரம். அன்று முன்னறிகுறியாக நிற்கத் தகுதி பெற்றிருந்த நாள், இன்று பின்னறிவிப்பாகிவிட்டது.

இந்நழுவலை அரசு அறியாமல் இல்லை. 1952இல் மேகநாத் சாகாவின் தலைமையில் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அளித்த அறிக்கையில் ஏறத்தாழ 23 நாள் பிழை சேர்ந்துள்ளதைச் சுட்டியது. குழுவின் செயலாளர் நிர்மல் சந்திர லாகிரியும் கொல்கத்தாவைச் சேர்ந்தவரே. பருவத்தோடு இசைந்த சக நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சமயப் பண்டிகைகளுக்கும் நட்சத்திரங்களுக்கும் பழைய அடிப்படையே தொடர்ந்தது.

மொழியியல் நோக்கில் இது சுட்டுப்பொருள் மாற்றத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ‘திருவாதிரையில் ஞாயிறு’ என்னும் தொடரின் ஒலியும் அமைப்பும் அகராதிப் பொருளும் மாறவில்லை. அது சுட்டும் பருவம் மூன்று வாரத்துக்கும் மேல் நகர்ந்துவிட்டது. விதியை மனப்பாடம் செய்து கையளித்த தலைமுறைகள் சொல்லைக் காத்தன. சொல் காத்த பொருளை இழந்தன. பழைய விதிகள் பட்டறிவின் திரட்சி என்று வாதிடுவோர் இதனைக் கருத வேண்டும். அவை ஒருகால் பட்டறிவிலிருந்தே பிறந்தனவாயினும், அப்பட்டறிவின் வானம் இன்றைய வானம் அன்று.

பழைய நூல்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்தலும் நேர்மையாகாது. வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் மழைக்கரு பற்றிய அதிகாரங்கள் உள்ளன. குறித்த நாளில் மேகம், காற்று, தூறல் ஆகியன தோன்றினால் 195 நாள் கழித்து மழை பெய்யும் என்பது அதன் கொள்கை. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்கள் மார்கழியில் கூறும் கர்ப்போட்டம் இதனோடு தொடர்புடையது. இக்கொள்கை சரியென்று கொள்ளத் தேவையில்லை. ஆனால் அது வெளியே சென்று மேகத்தைப் பார்க்கச் சொல்கிறது, நாளையும் குறிக்கிறது. பார்த்ததும் பெய்ததும் பொருந்தவில்லையெனில் பிழை வெளிப்படும். நிபந்தனை எச்சமும் காலச்சுட்டும் கொண்ட அவ்வாக்கியம் பொய்யாகும் துணிவுடையது. மேகாதிபதி வாக்கியத்துக்கு அத்துணிவு இல்லை.

4. கட்டமும் வரைபடமும்

ஆங்கிலத்தில் சாதகக் கட்டத்துக்கும் வானிலை வரைபடத்துக்கும் கடல்வழிப் படத்துக்கும் ‘சார்ட்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. நிலப்படத்துக்குரிய ‘மேப்’ என்பதும் சோதிடத்தில் புகுந்துள்ளது. 1970களில் அமெரிக்கர் ஜிம் லூயிஸ், கோள்கள் உதிக்கும், உச்சமடையும், மறையும் இடங்களை உலகப்படத்தின் மேல் கோடுகளாக இழுக்கும் முறையைப் பரப்பினார். அக்கோடுகளைக் கொண்டு புயலும் நிலநடுக்கமும் வரும் இடத்தைக் கூற முனைவோர் மேலை நாடுகளில் உளர். தமிழில் கட்டம், வரைபடம் என்று இருசொல் இருப்பது நமக்கு வாய்த்த நன்மை. மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டைக் காக்க வேண்டும்.

வேறுபாடு சொல்லளவில் முடிவதன்று. சாதகக் கட்டத்தில் இலக்கினம் ஒன்றே இடத்தைச் சார்ந்தது. கோள்கள் நிற்கும் இராசிகள் உலகுக்கெல்லாம் பொது. கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 8 பாகை வேறுபாடு. காலத்தில் அது 32 நிமிடம். கொல்கத்தாவுக்கும் பூரிக்கும் 10 நிமிடமே. ஓர் இலக்கினம் மாறச் சராசரி இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், ஒரே கணத்துக்கு வரையப்படும் கட்டம் இவ்விரு கரைகளுக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே அமையும். புயலோ ஒன்றில் வீடுகளைச் சாய்த்து மற்றொன்றில் தூறலோடு நின்றுவிடக்கூடியது. லூயிஸின் கோடுகள் நிலப்படத்தின் மேல் இழுக்கப்படினும், கண்டங்களைக் கடந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவன. வானிலை வரைபடத்தில் ஒத்த அழுத்தக்கோடு, அளந்து பெற்ற எண்களை இணைக்கிறது. அளவு மாறினால் கோடு மாறும். சோதிடக் கோடு வரையறையின் நீட்சி. எந்த அளவீட்டாலும் அதனைத் திருத்த முடியாது.

புயலை வரைபடத்தில் அடக்கும் முயற்சிக்குக் கொல்கத்தாவே தாயகங்களுள் ஒன்று. இந்நகரில் கடல்சார் விசாரணை மன்றத்தின் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளின் நாட்குறிப்புகளைத் திரட்டி வங்காள விரிகுடாப் புயல்களின் சுழற்சியை ஆராய்ந்தார். 1848இல் வெளியிட்ட மாலுமிகளுக்கான கையேட்டில், பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்னும் சொல்லைப் படைத்து வழங்கினார். ஒளி ஊடுருவும் கொம்புத் தகட்டில் காற்றின் திசைகள் வரைந்து நூலோடு இணைத்தார். மாலுமி அதனைக் கடற்படத்தின் மேல் வைத்து, தன் கப்பலில் வீசும் காற்றின் திசையைக் கொண்டு புயலின் மையம் எப்பக்கம் உள்ளது என்று அறியலாம். காற்றைப் பார்த்த பின்னரே அத்தகடு பேசும்.

பிடிங்டனின் வேறொரு செயலும் இங்கு நினைக்கத்தக்கது. கொல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாதலா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு திட்டமிட்டபோது, 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு அவர் ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார். புயலோடு கடல் பொங்கி அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார். எந்த நாள் என்று அவர் கூறவில்லை; எந்த இடம், எக்காரணத்தால், எவ்வாறு என்று கூறினார். எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பரில் வீசிய புயலும் கடற்பெருக்கும் அதனைச் சிதைத்தன. துறைமுகம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பிடிங்டன் 1858இலேயே மறைந்துவிட்டார்.

இடையில் 1864 அக்டோபர் 5ஆம் நாள் புயல் ஹூக்ளி ஆற்றின் வழியே கடலை ஏற்றிக் கொல்கத்தாவைத் தாக்கியது. ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். மறு ஆண்டே கொல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. ஆலிப்பூரின் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பின்னால் இவ்வரலாறு இருக்கிறது.

5. எச்சரிக்கையின் இலக்கணம்

1861இல் இங்கிலாந்தில் நாளிதழ் வழியே பொதுமக்களுக்கு வானிலை கூறத் தொடங்கிய ஃபிட்ஸ்ராய், தாம் தருவது தீர்க்கதரிசனம் அன்று என்று விலக்கி, ‘ஃபோர்காஸ்ட்’ என்னும் சொல்லைத் தேர்ந்து வழங்கினார். சோதிட வானிலை நூல்கள் விற்பனையில் இருந்த காலம் அது. புதிய துறைக்குப் புதிய சொல் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். வங்காளியில் இவ்வேறுபாடு பேணப்படுகிறது. ஆலிப்பூர் தருவது பூர்பாபாஷ், அதாவது முன்தோற்றம்; சோதிடர் தருவது பபிஷ்யத்பாணி, அதாவது எதிர்காலக் கூற்று. தமிழில் முன்னறிவிப்பு, பலன் என்னும் சொற்கள் இவ்வாறு எதிர்நிற்கின்றன. ஆனால் ‘கணிப்பு’ என்னும் சொல் இரு பக்கமும் நிற்கிறது. சாதகமும் கணிக்கப்படுகிறது, மழையும் கணிக்கப்படுகிறது. புயல் உருவாகச் ‘சாதகமான சூழல்’ என்று எழுதுகிறோம். பிறப்புக் கட்டத்தையும் சாதகம் என்கிறோம். வெவ்வேறு வடசொற்களிலிருந்து வந்து தமிழில் ஒன்றாகிவிட்ட இவ்வொப்புருச் சொற்களை எச்சரிக்கைகளில் தவிர்ப்பது நலம்.

வினைமுற்றுகளிலும் கவனம் வேண்டும். முக்காலத்திலும் மாறாத இயல்பைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டால் கூறுவதைத் தொல்காப்பிய வினையியல் வகுத்துரைக்கிறது. அதே முற்று இன்று எதிர்காலத்துக்கும் வழங்குகிறது. ‘ஐப்பசியில் மழை பெய்யும்’ என்பது இயல்பா, முன்னறிவிப்பா? பஞ்சாங்க உரைநடை இவ்வீரடியிலேயே நிற்கிறது. பொய்த்தால் இயல்பு என்று ஒதுங்கலாம். பலித்தால் முன்னறிவிப்பு என்று உரிமை கோரலாம். ‘சில இடங்களில் மிகுந்தும் சில இடங்களில் குறைந்தும் பெய்யும்’ என்னும் வாய்பாட்டு வாக்கியம் எந்த ஆண்டில் பொய்க்கும்?

வானிலை அறிக்கையும் ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒரு சில இடங்களில்’ என்றே எழுதுகிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு ஒப்பந்தத்தில் உள்ளது. ‘ஓரிரு இடங்கள்’ என்றால் மழைமானி நிலையங்களுள் 25 விழுக்காடு வரை. ‘ஒரு சில’ என்றால் 26 முதல் 50 வரை. கனமழை 64.5 மி.மீ.இல் தொடங்கி 115.5இல் முடிகிறது, மிகக் கனமழை 204.4 வரை, அதற்கு மேற்பட்டது அதிகனமழை. காற்று மணிக்கு 62 கி.மீ.ஐத் தொட்டால்தான் தாழ்வு மண்டலம் புயல் என்னும் பெயர் பெறும். அன்றாடச் சொற்கள் இங்கு எண்ணோடு கட்டுண்டு கலைச்சொற்களாகியுள்ளன. மறுநாள் காலை மழைமானியைப் பார்த்து அறிக்கை சரியா தவறா என்று யாரும் சொல்லிவிடலாம்.

ஆகவே இச்சொற்களை நடை அழகுக்காக மாற்றும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை. ‘மிகக் கனமழை’ என்பதைப் ‘பேய்மழை’ என்று எழுதினால் உணர்ச்சி கூடும், எண் மறைந்துவிடும். ‘பெய்யக்கூடும்’ என்பதைப் ‘பெய்யும்’ என்று சுருக்கினால் நிகழ்தகவு உறுதியாகிவிடும். ‘வாய்ப்பு’ என்னும் சொல் நன்மையை நோக்கியது. ‘உயிரிழப்புக்கு வாய்ப்பு’ என்பது தமிழ்ச் செவிக்கு ஒவ்வாது. அவ்விடத்தில் ‘அபாயம்’ என்பதோ ‘நேரக்கூடும்’ என்பதோ தக்கது.

2020 மே மாதம் அம்பன் புயல் நெருங்கியபோது, அது திகாவுக்கும் ஹாத்தியா தீவுக்கும் இடையே, சுந்தரவனத்தை ஒட்டி, மே 20 பிற்பகலோ மாலையோ கரையைக் கடக்கும் என்று வானிலைத் துறை சில நாள் முன்னரே அறிவித்தது. அவ்வாறே கடந்தது. இவ்வாக்கியத்தின் சிறப்பு அது பலித்ததில் மட்டும் இல்லை. இரண்டு ஊர்ப்பெயர்களும் ஒரு தேதியும் ஒரு பொழுதும் கொண்ட அவ்வாக்கியம், புயல் ஒடிசாவுக்குத் திரும்பியிருந்தால் எல்லோர் முன்னிலையிலும் பொய்யாகியிருக்கும். அந்த இடரை ஏற்றுக்கொண்டதனால்தான் இலட்சக்கணக்கானோரை வீடுகளிலிருந்து வெளியேறச் சொல்லும் தகுதி அதற்கு வந்தது.

நம் பழம்பாடல்களில் வெள்ளிக்கோள் தென்திசை செல்லுதல் வறட்சியின் குறியாகக் கருதப்பட்டது. புறநானூற்றிலும் பட்டினப்பாலையிலும் இதற்குச் சான்று உண்டு. ஆனால் அவ்விடங்களில் இந்நம்பிக்கை பெரிதும் உம்மையோடு கூடிய எச்சத்தொடரிலேயே வருவது கருதத்தக்கது. வெள்ளி திசை மாறினாலும் காவிரி பொய்க்காது, கோள் மாறினாலும் தலைவனின் நாடு வளம் குன்றாது என்பது அதன் போக்கு. முதன்மை வினை ஆற்றுக்கும் ஆட்சிக்கும் உரியது. கோள் எச்சத்தில் நிற்கிறது. நம்பிக்கையை மறுக்காமலே அதற்கு உரிய இலக்கண இடத்தை அப்புலவர்கள் அளித்தனர் எனலாம்.

6. திதிக்கு உரிய இடம்

இவ்வளவும் கூறியபின், பஞ்சாங்கத்துக்கும் புயலுக்கும் தொடர்பே இல்லை என்று முடித்தல் பிழையாகும். 2021 மே 26இல் யாஸ் புயல் ஒடிசாவின் பாலேசுவரம் அருகே கரையைக் கடந்தது. அன்று முழுநிலா நாள். மையம் மேற்கு வங்கத்துக்கு வெளியே இருந்தும், திகாவிலும் சுந்தரவனத் தீவுகளிலும் கடல்நீர் கரைகளை உடைத்து ஊர்களுக்குள் புகுந்தது. புயலின் கடற்பெருக்கோடு முழுநிலா நாளின் பேரோதமும் சேர்ந்தமையே இதற்குக் காரணங்களுள் ஒன்று. அப்பேரோதத்தை வங்காளிகள் ‘பரா கோட்டால்’ என்பர். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அது உண்டு. எட்டாம் பிறையை ஒட்டி வரும் தாழ் ஓதம் ‘மரா கோட்டால்’. தமிழிலும் உவா நாள்களின் ஓதத்தைக் கடலோர மக்கள் அறிவர்.

ஆகவே திதி அறிதல் புயல் நேரத்தில் பயனுடையது. ஆனால் அது பயன்படும் வழியை நோக்க வேண்டும். இங்குச் சந்திரன் செயல்படுவது தன் பெயராலும் கிழமையாலும் குளிர்ச்சி என்னும் அடைமொழியாலும் அன்று, தன் ஈர்ப்பால். எத்தனை மணிக்கு, எந்தத் துறையில், எத்தனை மீட்டர் நீர் உயரும் என்று அதனைக் கணக்கிடலாம்; மறுநாள் அளந்தும் பார்க்கலாம். பஞ்சாங்கத்தின் கணிதப் பகுதி இங்கே உயிர் காக்கும் அறிவாகிறது. அதன் பலன் பகுதிக்கு இதில் பங்கில்லை. ஒரே நூலின் இரு பகுதிகளையும் ஒருங்கே ஏற்பதும் ஒருங்கே தள்ளுவதும் திறனாய்வு ஆகாது.

7. முடிவுரை

பஞ்சாங்க மழைப்பலன் கிழமைப் பெயர், எஞ்சிய எண், ஓசை இயைபு ஆகியவற்றிலிருந்து பிறப்பது. அது சார்ந்திருக்கும் நட்சத்திரக் குறியீடுகள் தாம் சுட்டிய பருவத்திலிருந்து நழுவிவிட்டன. அதன் வாக்கிய அமைப்பு இடத்தையும் அளவையும் விலக்கிப் பொய்யாகும் வழியை அடைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை இம்மூன்றுக்கும் மறுதலையானது. அது காற்றிலும் அழுத்தத்திலும் தொடங்குகிறது. அளவீடு மாறும்தோறும் திருத்தப்படுகிறது. இடமும் காலமும் அளவும் கூறித் தன்னைச் சோதனைக்கு உட்படுத்துகிறது.

இவ்வேறுபாடு ஆலிப்பூரில் தயாராகும் அறிக்கையில் உள்ளது. அது சாகர் தீவின் மீனவரிடமோ நாகப்பட்டினத்து மீனவரிடமோ சென்று சேரும்போதும் உள்ளதா என்பது மொழிபெயர்ப்போர் கையில் இருக்கிறது. இரவோடு இரவாக நீர் ஏறும் கரையில், ‘கூடும்’ என்பதற்கும் ‘உண்டு’ என்பதற்கும் இடைப்பட்ட தொலைவு வெறும் நடை வேறுபாடு அன்று. எச்சரிக்கை பலனைப் போல் ஒலிக்கத் தொடங்கினால், மக்கள் அதனைப் பலனைப் போலவே கேட்பர். கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவர்.